ஊதிப்போடு

அருப்புக்கோட்டைக் கடைவீதியில் மாதவனின் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு பாத்திரக்கடை இருக்கிறது. பழைய பித்தளை, செம்பு என்று எதைக் கொண்டுவந்தாலும் எடைபோட்டு, அதற்கு ஈடாகப் புதுப் பாத்திரம் கொடுப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில், முகூர்த்த நெருக்கடிக்கு நடுவே, பந்தல்குடியிலிருந்து வந்த ஒருவர் தன் சாக்கு மூட்டையைத் தராசுத் தட்டில் கவிழ்த்தார். நசுங்கிய அண்டாவோடு ஒரு வீடியோ கேம் செட்டும், ஒயர் சுற்றிய இரண்டு ரிமோட்டுகளும், சில கேசட்டுகளும் சேர்ந்து விழுந்தன. டிவியில் மாட்டி விளையாடும் அந்தக் காலத்துச் செட். மூட்டைக்காரர், அது தவறி வந்துவிட்டது, தூரப் போடுங்கள் என்றார்.

மாதவன் தூரப் போடவில்லை. பள்ளிக்கூட வயதில் அவனிடம் இதே போன்ற செட் ஒன்று இருந்தது. அன்று மதியம் கூட்டம் குறைந்ததும் அதை மாடிக்கு எடுத்துப்போய், மூலையில் கிடந்த பெரிய டிவியில் மாட்டினான். திரை சாம்பல் நிறத்தில் நடுங்கியது. கேசட்டைக் கழற்றி, அடிப்பக்கத்தில் ஊதி, மறுபடி போட்டான். படம் வந்துவிட்டது. மஞ்சள் சட்டை போட்ட ஒரு ஆள், வீட்டு மாடிகளின் மேல் நின்றுகொண்டு அவனுக்காகக் காத்திருந்தான்.

பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கும் அவன் மனைவி சுகப்பிரியா, வேலை முடிந்து வந்து சத்தம் கேட்டு மாடியேறினாள். கைப்பையைக்கூட இறக்காமல் இரண்டாவது ரிமோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாத்தூரில் இரண்டு அண்ணன்களோடு வளர்ந்தவள் அவள். மாதவன் மூன்றாவது ஸ்டேஜில் விழுந்து கிடக்க, அவள் ஆறாவது ஸ்டேஜ் வரை போனாள். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவளுக்கு இந்தத் திறமை இருப்பது அவனுக்குத் தெரியாது.

அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லவேண்டும் போல அவனுக்கு இருந்தது. வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டான். தங்கநகைக் கடன் விளம்பரத்துக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் நடுவே அது ஒரே நாளில் காணாமல் போனது. அழியாத இடமாக ஒன்று வேண்டுமென்று, கல்லாவில் உட்கார்ந்தபடியே வீடியோக்களைப் பார்த்து இணையதளம் அமைக்கக் கற்றுக்கொண்டான். பெயர் வைத்தது சுகப்பிரியா. "எல்லாரும் செஞ்சது ஒண்ணே ஒண்ணுதானங்க. ஊதிப்போடுன்னு வையுங்க" என்றாள்.

அப்பா வெள்ளத்துரைக்கு இதில் விருப்பமில்லை. மகன் கல்லாவில் இருந்துகொண்டு வேறு எதையோ தட்டிக்கொண்டிருப்பது அவருக்குக் கண்ணில் தூசி விழுந்த மாதிரி இருந்தது. கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கடையின் பெயரும் போன் நம்பரும் இருக்கவேண்டும்.

அதனால் முதல் வருஷம் முழுக்க ஊதிப்போடுவுக்கு வந்த அழைப்புகள் இட்லிக் கொப்பரை என்ன விலை, சீர்வரிசைச் சாமான் மொத்தமாக எடுத்தால் குறைப்பீர்களா என்பதாகவே இருந்தன. கேம்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அடுத்த தையில், தளத்தின் பிறந்தநாளுக்கு, மாதவன் ஆண்டறிக்கை என்று ஒன்றை எழுதிப் போட்டான். வளர்ச்சி என்ற தலைப்பின் கீழ் 'மனைவி படிக்கிறாள்' என்றும், பின்னடைவு என்ற தலைப்பின் கீழ் 'மனைவி மட்டும் படிக்கிறாள்' என்றும் எழுதினான். அதன்பின் ஒவ்வொரு தையிலும் ஆண்டறிக்கை எழுதுவது வழக்கமாகிவிட்டது.

இரண்டாம் வருஷம் அவன் எழுதிய ஒரு கட்டுரைதான் தளத்தைத் தூக்கிவிட்டது. அந்தக் கேசட்டுகளில் பெயர் இருக்காது, இருந்தாலும் ஜப்பான் எழுத்தில் இருக்கும். ஆகவே ஒவ்வொரு ஊர்ப் பிள்ளைகளும் கேம்களுக்குத் தாங்களே பெயர் வைத்தார்கள். மாடிவிட்டு மாடி தாவும் கேமுக்கு அருப்புக்கோட்டையில் மஞ்சச்சட்டை என்று பெயர். சாத்தூரில் அதுவே பெயிண்டர். உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டு மாதவன் எழுதியது, எப்படியோ ஒரு குடும்ப குரூப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பரவியது. திருச்சுழிக்காரர் ஒருவர் அது மாடித்தாவி என்றார். சிவகாசிக்காரர் ஒருவர், தன் தெருவில் அதை எலெக்ட்ரீசியன் என்றுதான் சொல்வோம், வேறு பெயர் சொல்பவன் அந்தக் கேமை விளையாடியதே இல்லை என்று சண்டைக்கு வந்தார். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் எழுதினார்கள். மாதவன் சாப்பிடும்போதுகூடப் போனைக் கீழே வைக்கவில்லை.

அந்தக் கூச்சலுக்கு நடுவே அமைதியான ஒரு கருத்து வந்திருந்தது. 'நாலாவது ஸ்டேஜுல ஒரு மாடி ஜன்னல்ல ஒரு அம்மா நிப்பாக. மஞ்சச்சட்டை நடந்து போனா ஜன்னலச் சாத்திக்கிருவாக. ஓடிப்போனா சாத்த மாட்டாக. வேற யாரும் பாத்திருக்கீகளா?' கீழே ரேணுகாதேவி, நரிக்குடி என்று இருந்தது.

மாதவன் நம்பவில்லை. அந்தக் கேமை அவன் சின்ன வயதில் பலமுறை முடித்தவன். ஜன்னலில் ஒரு அம்மா நிற்பதே அவனுக்கு ஞாபகமில்லை. ஞாயிற்றுக்கிழமை செட்டைப் போட்டுப் பார்த்தான். நான்காவது ஸ்டேஜில் பின்னாலிருந்து வௌவால்கள் துரத்தும். யாராக இருந்தாலும் அங்கே ஓடத்தான் செய்வார்கள். நடந்தால் வௌவால் அடித்து ஆள் விழுந்துவிடுவான். மாதவன் விழுந்துகொண்டே இருந்தான். கடைசியில் சுகப்பிரியா ரிமோட்டை வாங்கி, ஒவ்வொரு வௌவாலாகக் குனிந்து ஒதுங்கி, அந்த மாடியில் மட்டும் மெல்ல நடத்திப் போனாள். ஜன்னலில் சிவப்பாக ஒரு புள்ளி நின்றது. மஞ்சச்சட்டை நெருங்கியதும் கதவு இரண்டும் சாத்திக்கொண்டன. இருவரும் சிரித்துவிட்டார்கள். இத்தனை வருஷம் அந்த அம்மாவின் வீட்டு மாடியில் கவனிக்காமல் ஓடியிருக்கிறோமே என்று மாதவன் அன்றே எழுதிப் போட்டான்.

அதன்பிறகு ரேணுகாதேவி எந்தக் கட்டுரைக்கும் இரண்டு வரி எழுதாமல் விட்டதில்லை. எப்போதும் பின்னணியில் இருப்பதைப் பற்றித்தான் எழுதுவாள். கரையில் நிற்கும் நாய், இரண்டாவது தடவை வரும்போது நிறம் மாறும் மேகம், இப்படி. எல்லாம் சரியாக இருந்ததென்றும் சொல்லமுடியாது. படகு கேமில் படகுக்காரன் ஒவ்வொரு பாலத்தின் கீழும் தலையைச் சொறிவான் என்று ஒருமுறை அடித்துச் சொன்னாள். பலபேர் போட்டுப் பார்த்து, யாரும் சொறியவில்லை என்றார்கள். 'அப்ப அது எங்க பெரியப்பா வீட்டு டிவிக் கோளாறா இருக்கும்' என்று எழுதி அந்தப் பேச்சை முடித்துக்கொண்டாள்.

கொரோனா வந்து கடைகளை மூடியபோது மாதவனுக்குக் கைநிறைய நேரம் கிடைத்தது. அந்த மாதங்களில் அவன் எழுதித் தள்ளினான். அதோடு நிற்காமல், எங்கிருந்தோ இறக்கிய பழைய கேம்களைத் தளத்திலேயே விளையாடும்படி வைத்தான். அவ்வளவுதான், வீட்டில் அடைந்துகிடந்த ஊரே உள்ளே வந்ததுபோல ஆனது. அந்த வருஷ ஆண்டறிக்கையில் பின்னடைவு என்ற தலைப்பின் கீழ் எதுவும் இல்லை என்று எழுதினான்.

அதை எழுதிய மை காய்வதற்குள் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அந்தக் கேம்கள் தங்களுக்குச் சொந்தமானவை, உடனே எடுக்காவிட்டால் வழக்கு என்று கடுமையான ஆங்கிலத்தில் இருந்தது. கம்பெனி நோட்டீஸ் என்று காதில் விழுந்ததும், வெள்ளத்துரை வரி ஆபீஸ் விஷயம் என்று நினைத்துக்கொண்டு ஆடிட்டருக்குப் போன் போட்டுவிட்டார். அவருக்கு விளங்கவைக்கவே பாதி நாள் ஆயிற்று. விளங்கியதும், அடுத்தவர் சரக்கை நம் கடையில் வைத்துச் சும்மா கொடுத்தால் யாராக இருந்தாலும் கேட்கத்தான் செய்வார்கள் என்று கம்பெனி பக்கம் சேர்ந்துகொண்டார். மாதவனும் அதை ஒத்துக்கொண்டான். எல்லாவற்றையும் எடுத்தான்.

கூட்டம் கலைந்தது. வந்தவர்களில் பெரும்பாலானோர் பந்திக்கு வந்தவர்கள், இலையை எடுத்ததும் எழுந்துவிட்டார்கள் என்று அவன் அடுத்த ஆண்டறிக்கையில் எழுதினான். படிக்கத்தான் வந்தோம் என்று மிஞ்சியவர்கள் கொஞ்சம் பேர். அவர்களுக்காகவே தொடர்ந்து எழுதினான். அதிலும் ஒரு நிம்மதி இருந்தது.

அந்த நிம்மதியும் நீடிக்கவில்லை. ஒரு ஆவணி மாதக் காலையில் கடையைத் திறந்து, வழக்கம்போலத் தளத்தைத் தட்டினான். வெள்ளைப் பக்கம் வந்தது. தளத்துக்கு இடம் கொடுத்திருந்த சின்னக் கம்பெனியைக் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு மெயில் வந்தது. அவர்களுடைய மெஷின் பழுதாகி உள்ளே இருந்ததெல்லாம் அழிந்துவிட்டது, வருந்துகிறோம், நகல் வைத்துக்கொள்வது வாடிக்கையாளரின் பொறுப்பு.

மாதவன் நகல் வைத்திருந்தான். முதல் வருஷம் ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தான். அதே பென்டிரைவில்தான் பிறகு, கடையில் காலையில் போடுவதற்காக பக்திப் பாட்டுகளை ஏற்றினான். இடம் போதவில்லை என்று முன்னால் இருந்ததை அழித்ததும் அவன்தான். அன்று காலையும் அந்தப் பாட்டுதான் கடையில் பாடிக்கொண்டிருந்தது.

வாசகர்களின் வாட்ஸப் குரூப்பில் நடந்ததைச் சொல்லி, இத்தனை நாள் கூட இருந்ததற்கு நன்றி என்று எழுதினான். சுகப்பிரியா அதைப் படித்தாள். சமாதானம் செய்யவில்லை. அன்று சாயங்காலம் மாடிக்குப் போய்த் தனியாகச் செட்டைப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். அவன் போகவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஒரு பெண் ஸ்கூட்டரைக் கடை முன்னால் நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். தோளில் பெரிய பை. வெள்ளத்துரை எழுந்து, புதிதாக வந்த குக்கர்களைக் காட்ட ஆரம்பித்தார். அவள் இரண்டு குக்கர்களைப் பொறுமையாகப் பார்த்த பிறகுதான், "மாதவன் அண்ணே இருக்காகளா? நரிக்குடியில இருந்து ரேணுகாதேவி வந்துருக்கேன்னு சொல்லுங்க" என்றாள்.

மாதவன் பின்பக்கத்திலிருந்து வந்தான். இத்தனை வருஷம் எழுத்தில் மட்டும் தெரிந்த ஒருவர் எதிரில் வந்து நின்றிருந்தார். வாங்க என்று சொல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

அவள் கிராமச் சுகாதார நர்ஸ். அருப்புக்கோட்டையில் ஏதோ மீட்டிங்குக்கு வந்திருந்தாள். தடுப்பூசி போட அவள் போகும் ஊர்களில் பலவற்றில் போனில் சிக்னல் கிடைக்காது. காட்டு வேலைக்குப் போன தாய்மார்கள் திரும்பி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும். அப்போது படிப்பதற்காக, திருச்சுழியைத் தாண்டும்போதெல்லாம் சிக்னல் இருக்கிற இடத்தில் நின்று ஊதிப்போடுவின் பக்கங்களைப் போனில் சேமித்துக்கொள்வாளாம். ஆரம்பத்திலிருந்து ஒன்றையும் விட்டதில்லை. கீழே மற்றவர்கள் போட்ட சண்டைகளோடு சேர்த்து எல்லாம் இருந்தன.

போனை அவன் கையில் கொடுத்தாள். மாதவன் விரலால் தள்ளிக்கொண்டே போனான். மஞ்சச்சட்டை, மாடித்தாவி, எலெக்ட்ரீசியன், எல்லாம் அப்படியே இருந்தன.

"படந்தான் இல்லண்ணே. போன்ல எடம் பத்தல. எழுத்த மட்டும் வச்சுக்கிட்டேன்" என்றாள்.

விஷயம் என்னவென்று முழுதாகப் புரியாவிட்டாலும் மகன் முகத்தைப் பார்த்த வெள்ளத்துரை, எதிர்க்கடையில் காபி சொல்லப் போனார்.

காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, இவ்வளவு கவனித்திருக்கிறீர்களே, மஞ்சச்சட்டையில் நீங்கள் எந்த ஸ்டேஜ் வரைக்கும் போயிருக்கிறீர்கள் என்று மாதவன் கேட்டான்.

"நான் வெளாண்டதே இல்லண்ணே" என்றாள் ரேணுகாதேவி.

அவள் பிறந்த ஊர் பரளச்சி. செட் இருந்தது பெரியப்பா வீட்டில். பெரியப்பா மகன் தனுஷ்கோடியும் அவன் கூட்டாளிகளும்தான் விளையாடுவார்கள். அந்தச் செட்டின் கரண்ட் ஒயர் பின்பக்கம் ஆடும். ஒரு வாகில் பிடித்தால்தான் படம் நிற்கும். அந்த வாகு ரேணுகாவின் கைக்குத்தான் வாய்த்திருந்தது. லீவு நாளெல்லாம் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒயரைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் அவள் வேலை. ரிமோட்டைக் கையில் வாங்கினால் படம் போய்விடும். ஆகவே யாரும் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

"கை வெளாண்டுக்கிட்டு இருந்தாத்தான கண்ணு அங்கிட்டு இங்கிட்டுப் போகாது? எனக்குக் கை பூரா ஒயர்ல மாட்டிக்கிருச்சு. அதான் ஜன்னல், மேகம், நாயின்னு எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருந்துட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாள். அதில் வருத்தம் இருந்ததாக மாதவனுக்குத் தெரியவில்லை. இருந்திருந்தாலும் அவள் காட்டவில்லை.

தளத்தைத் திரும்பக் கட்டும் வேலை பல வாரம் நடந்தது. வேறொரு கம்பெனியில் இடம் பிடித்து, சாயங்காலங்களில் மாதவனும் சுகப்பிரியாவும் ஒவ்வொரு பக்கமாக ஏற்றினார்கள். சொந்தக் கேசட்டுகளின் படங்களை மறுபடி எடுத்துக்கொள்ள முடிந்தது. ஆனால் வாசகர்கள் அனுப்பியிருந்த பழைய படங்கள் போனது போனதுதான். அந்த இடங்களில் வெறும் கட்டம் மட்டும் நின்றது. கட்டத்தை எடுத்துவிடலாம் என்றான் மாதவன். படத்தில் என்ன இருந்தது என்று ரேணுகாவுக்கு ஞாபகம் இருக்கும், அவளையே எழுதச் சொல்லலாம் என்றாள் சுகப்பிரியா.

ரேணுகா எழுதி அனுப்பினாள். மீட்டிங், தடுப்பூசி நாள், மழைக்கால முகாம் இவற்றுக்கு இடையே கிடைத்த நேரத்தில் ஒன்றிரண்டு வரியாக வரும். 'இந்த எடத்துல ரெண்டு பையங்க டிவி முன்னாடி ஒக்காந்திருக்கிற படம் இருந்துச்சு. ஒருத்தன் மட்டும் கேமராவப் பாக்குறான். இன்னொருத்தன் பாக்கல, அவன்தான் அந்நேரம் வெளாடுறான். பின்னால கொடியில ஒரு பாவாட காயுது.' மாதவன் அதை ஒரு எழுத்தும் மாற்றாமல் கட்டத்துக்குள் போட்டான்.

படத்தைவிட இது நன்றாக இருக்கிறது என்று வாசகர்கள் எழுத ஆரம்பித்தார்கள். பிறகு வேறொன்று நடந்தது. தாங்களும் விளையாடியதில்லை, பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். முறை வராத தம்பிகள், தட்டில் மாவைப் பிசைந்தபடியே அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மாக்கள், கண்ணாடி போட்டிருந்ததால் கிட்ட வரக்கூடாது என்று தள்ளி உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகள். தங்களுக்கும் சொல்ல ஒரு இடம் இருக்கிறதென்று அவர்களுக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை. மாதவன் 'பார்த்தவங்க பக்கம்' என்று ஒரு பகுதியைத் தொடங்கி ரேணுகாவின் பொறுப்பில் விட்டான். கேம்களைச் சும்மா விளையாடக் கொடுத்தபோது வந்த கூட்டத்தைவிடப் பெரிய கூட்டம் அந்த வருஷம் வந்தது. இவர்கள் எழுந்து போகவுமில்லை. கோலாலம்பூரிலிருந்து ஒருவர், பக்கத்தின் அடியில் இருந்த நம்பருக்குப் போன் செய்து, அம்மாவுக்கு அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டியதாகச் சொல்லி நன்றி சொன்னார். போனை எடுத்தது வெள்ளத்துரை. அன்றிலிருந்து கடைக்கு வருபவர்களிடம் அவரே தளத்தின் பெயரைச் சொல்லத் தொடங்கினார்.

அடுத்த தையில் எல்லோரும் ஒருமுறை நேரில் கூடலாம் என்று முடிவாயிற்று. வெள்ளத்துரையின் சிநேகிதர் சங்கையாவின் கல்யாண மண்டபம் முகூர்த்தம் இல்லாத ஒரு நாளுக்குக் கிடைத்தது. ஊரில் பரண்மேல் சேலை போர்த்திக் கிடந்த குண்டு டிவிகளெல்லாம் ஒருநாளைக்கு இறங்கின. மஞ்சச்சட்டையில் போட்டி. ஜெயிப்பவருக்கு வெள்ளத்துரை தன் கையால் தேர்ந்தெடுத்த எவர்சில்வர் குடம்.

அன்று காலை மதுரை பஸ்ஸிலும் விருதுநகர் பஸ்ஸிலும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். தூத்துக்குடியிலிருந்து ஒரு குடும்பமே வேன் பிடித்து வந்திருந்தது. டிவிகளை வரிசையாக வைத்து, செட்டுகளை மாட்டி, மாதவன் ஸ்விட்சைப் போட்டான். ஒன்றும் எரியவில்லை. மின்விசிறிகளும் நின்றன. சங்கையா வெளியே போய் விசாரித்துவிட்டு வந்தார். மாதாந்திரப் பராமரிப்பு வேலையாம். முன்பே அறிவித்திருந்தார்களாம். மதியத்துக்கு மேல்தான் கரண்ட் வரும். மண்டபத்து ஜெனரேட்டரோ பழுதுபார்க்கப் போயிருந்தது.

மாதவனுக்குச் சட்டை முழுக்க வியர்த்துவிட்டது. அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர்கள் கறுப்பு டிவிகளின் முன்னால் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் போனை எடுத்துவிட்டார்கள். அவன் மன்னிப்புக் கேட்பதற்காக முன்னால் போகப் பார்த்தபோது சுகப்பிரியா அவனை நிறுத்திவிட்டு, ரேணுகாவிடம் போனாள். ஏதோ சொன்னாள். ரேணுகா தலையை ஆட்டி மறுத்தாள். சுகப்பிரியா விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் ரேணுகாதேவி நடுவிலிருந்த டிவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கூட்டத்தைப் பார்க்காமல், அணைந்திருந்த திரையையே பார்த்துக்கொண்டு ஆரம்பித்தாள். முதல் ஸ்டேஜ். காலை நேரம். மஞ்சச்சட்டை இடதுபக்க மாடியில் நிற்கிறான். வலதுபக்கம் தண்ணீர்த் தொட்டி. தொட்டிமேல் ஒரு காக்கா.

முதலில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். பிறகு தூத்துக்குடி வேனில் வந்த பெரியவர் ஒருவர் தன்னை அறியாமல், இப்போது குதிக்கவேண்டும் என்றார்.

"இன்னும் இல்லண்ணே. பூனை போகட்டும்" என்றாள் ரேணுகா.

பூனை போனது. "இப்ப" என்றாள். மண்டபம் முழுக்கக் கைகள், இல்லாத ரிமோட்டை அமுக்கின. அதன்பிறகு அவள் சொல்லச் சொல்ல, கூட்டம் விளையாடியது. இரண்டாவது ஸ்டேஜில் பாதிப்பேர் இடதுபக்கம் போகச் சொன்னார்கள், பாதிப்பேர் வலதுபக்கம் என்றார்கள். வாக்குவாதம் முடியும்வரை மஞ்சச்சட்டையை அவள் அப்படியே நிறுத்திவைத்தாள். சிவகாசி ஆள் எலெக்ட்ரீசியன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது ஸ்டேஜில் அவசரப்பட்டு எல்லோரும் குதித்துக் கிணற்றில் விழுந்து, மறுபடி முதலிலிருந்து வந்தார்கள். நான்காவது ஸ்டேஜில் வௌவால்கள் கிளம்பின. பத்து வயதுப் பிள்ளையிலிருந்து வெள்ளத்துரை வரைக்கும் எல்லோரும் சேர்ந்து, ஓடக்கூடாது, நட என்றார்கள். நடந்தார்கள். ஜன்னல் சாத்திக்கொண்டது.

மாதவன் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நாளில் மீதி எதுவும் நடக்காவிட்டாலும் பரவாயில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

சாப்பாடு முடிந்து பலரும் நாற்காலியிலேயே கண் அசந்திருந்தபோது கரண்ட் வந்தது. வந்தவுடன் போட்டி ஆரம்பமானது. முதல் ஆட்டத்துக்கு ரேணுகாதான் உட்காரவேண்டும் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். சுகப்பிரியா ரிமோட்டை அவள் கையில் கொடுத்து எந்தப் பொத்தான் எதற்கு என்று காட்டினாள். ரேணுகா இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்தாள். மஞ்சச்சட்டை நடந்தான். பூனை வந்தது. அவள் சரியாக நின்றாள். பூனை போனது. குதித்தாள். தண்ணீர்த் தொட்டியில் இடித்துக் கீழே விழுந்தாள். ஒரு ஆட்டத்துக்கு மூன்று ஆள். அடுத்த ஆளும் அங்கேயே விழுந்தான். மூன்றாவது ஆள் பூனைமேலேயே விழுந்தான்.

"எல்லாந் தெரியுது. கைதான் சொல்பேச்சுக் கேக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள். முதல் சுற்றிலேயே தோற்று எழுந்தபோது அவள் முகம் விளையாட்டு மைதானத்திலிருந்து வந்த பிள்ளையின் முகம்போலச் சிவந்திருந்தது.

அவள் கூப்பிட்டு அண்ணன் தனுஷ்கோடியும் பரளச்சியிலிருந்து வந்திருந்தார். சாயங்காலம் கிளம்பும்போது மாதவனிடம் வந்து, பாப்பா சொல்கிற ஒயர் விஷயத்தை எவ்வளவு யோசித்தும் தனக்கு ஞாபகம் வரவில்லை என்றார். டிவியும் கேமும் நன்றாக ஞாபகம் இருக்கிறதாம், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதுதான் இல்லை. சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. ரேணுகா அதைக் கேட்டுக்கொண்டே ஸ்கூட்டரில் ஏறினாள். பரவாயில்லை, எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, கேளுங்கள் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். எவர்சில்வர் குடத்தைச் சுகப்பிரியா ஜெயித்தாள். சொந்தக் கடைக் குடமே வீட்டுக்குத் திரும்புவதா என்று கூட்டம் ஆட்சேபித்ததால், இரண்டாவதாக வந்த தூத்துக்குடிப் பெரியவரின் கையில் போய்ச் சேர்ந்தது.

இந்த வருஷ ஆண்டறிக்கையை மாதவனும் ரேணுகாவும் சேர்ந்து எழுதினார்கள். பின்னடைவுகளுக்கும் குறைவில்லை. இடம் கொடுத்த கம்பெனி கட்டணத்தை உயர்த்தியது, யாரோ ஒருவர் 'பார்த்தவங்க பக்க'த்தை அப்படியே எடுத்துத் தன் குரலில் வீடியோவாகப் போட்டுவிட்டார், இடியில் மாதவனின் நல்ல டிவி ஒன்று போய்ச் சேர்ந்தது. வளர்ச்சி என்று பார்த்தால், இப்போது தளத்துக்கு நகல்கள் மூன்று இடத்தில் இருக்கின்றன. அதில் ஒன்று ரேணுகாவின் போன். இந்தமுறை படங்களையும் சேர்த்து வைக்கும் அளவுக்குப் பெரிய போன்.

கூட்டம் முடிந்ததும் மாதவன் அவளுக்கு ஒரு செட்டைக் கொடுத்தனுப்பியிருந்தான். நரிக்குடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில், ஆடுகளை அடைத்துவிட்டு வரும் கணவர் ஜெயக்குமாரோடு அவள் அதை விளையாடிப் பழகிக்கொண்டிருந்தாள். முதல் ஸ்டேஜின் தொட்டியைத் தாண்டுவதற்கே பல மாதம் ஆகியது.

போன வாரம், மாதவன் ஒரு கல்யாண வீட்டுக்காரருக்குச் சருவச்சட்டி எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது. ஒரு கையால் சட்டியைப் பிடித்தபடி படித்தான். முதல் ஸ்டேஜை முடித்துவிட்டேன் அண்ணே என்று இருந்தது. கீழே டிவியின் படம், கொஞ்சம் மங்கலாக.

மாதவன் அதைச் சத்தமாக அப்பாவுக்குப் படித்துக் காட்டினான். வெள்ளத்துரை தராசிலிருந்து நிமிர்ந்தார். "அடுத்த ஸ்டேஜுல இடதுபக்கம் போகச் சொல்லுலே" என்று சொல்லிவிட்டு, மறுபடி எடை பார்க்கத் தொடங்கினார்.